இரண்டரை அங்குலச் சந்து

என் மச்சானுடைய முழக்கோல் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டு வந்ததைக் கண்டுபிடித்தவன் நான். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினேழு வருஷம் பிடித்தது. சொன்னபோது ஒருவரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் அது பொய்யாகிவிடும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கல்தச்சர். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் சாலையை விட்டு இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். மேற்கே ஒரு கரடு. வேலாமரத்தையும் கிளுவையையும் தவிர எதுவும் முளைக்காத பாறைக் குன்று. சுற்று வட்டாரத்துக் கிணற்றுக் கட்டு, காட்டு வேலிக்கு நடும் கல்கால், மாட்டுத் தொட்டி, ஆட்டுக்கல் எல்லாம் அந்தக் கரட்டிலிருந்து இறங்கியவைதான். நானும் அதே தொழில் குடும்பம். என் கைக்கு உளி வரவில்லை. பன்னிரண்டு வயதில் என் இடது கட்டைவிரலை நானே நசுக்கிக்கொண்டேன். அதைப் பார்த்த என் தகப்பனார் மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். படித்து முடித்து எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கே வாத்தியாராக வந்தேன்.

உளி வராத கைக்குப் பேனா வந்தது. கூடவே ஒரு வியாதியும் வந்தது என்று என் மனைவி சொல்வாள். எது நடந்தாலும் நாளும் கிழமையும் குறித்து வைத்துவிடுவேன். மழை பெய்தால் குறிப்பேன்; எத்தனை நாழிகை பெய்தது என்பதையும் குறிப்பேன். விடுமுறையில் சேலம் போனால் வாசகசாலையில் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்துப் படிப்பேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு விளக்குக்கு நெய் விட்ட நாளைக்கூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயில் மண்டபத்தைக் கட்டி முடித்து முப்பது வருஷம்கூட ஆகியிருக்காது. எந்த வருஷம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துச் சொன்னார்கள். அந்த மண்டபத்தைக் கட்டியவர் மச்சானின் தகப்பனார், அதாவது என் மாமனார். 1919 என்று நானாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மச்சானிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அது நடக்கிற காரியமில்லை.

"மச்சான், நீங்க மேட்டூருக்கு வேலைக்குப் போனது எந்த வருஷம்?"

"பெரிய பொண்ணுக்குக் காது குத்துன வருஷமுங்க மாப்ளெ."

"காது குத்துனது எந்த வருஷம்?"

"நான் மேட்டூருக்குப் போனன் பாருங்க, அந்த வருஷம்."

இப்படிப்பட்டவருடைய வாழ்க்கையைத்தான் நான் வருஷ வாரியாக எழுத முயன்றேன்.

அவருடைய கைத்திறனைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. கரட்டில் ஒரு பாறையைப் பிளக்க வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வார். வெயிலில் பாறை காயும். எல்லா இடமும் ஒரே மாதிரி காயாது. எங்காவது ஒரு கோடு மட்டும் சற்று நேரம் ஈரமாகவே நிற்கும். எங்கள் கண்ணுக்கு அது தெரிவதற்குள் மறைந்துவிடும். அவர் அந்தக் கோட்டின் மேல் கரித்துண்டால் இழுத்து, சாண் இடைவெளியில் குழி வெட்டி, இரும்பு ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றையும் ஒரு தட்டு, மறுபடி முதலிலிருந்து ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போவார். தட்டும் சத்தம் கணீர் என்பதிலிருந்து மந்தமாக மாறும். அப்போது சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் பாறை தானாக இரண்டாகியிருக்கும். இதை நான் நேரில் ஏழு தடவை பார்த்துக் குறித்திருக்கிறேன்.

அணை வேலை நடந்த வருஷங்களில் பெரும்பாலும் மேட்டூரில் இருந்தார். முகப்புக் கல் கொத்தும் கூட்டத்தில் முதல் ஆள். நடுவே சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே மலைப்பாதையில் தடுப்புச் சுவர் வைக்க ஒரு வருஷம் போனார். 1934இல் அணை முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டார். பிறகு கிணறுகள். எங்கே இருந்தாலும் ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் வீடு வந்து சேர்வார். அந்த ஆயுத பூஜையில்தான் எல்லாத் தொல்லையும் இருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு முழக்கோல் உண்டு. ஆச்சா மரம், கறுத்து இரும்பு மாதிரி இருக்கும். இருபத்துநாலு விரல் என்று கோடு கிழித்த சதுரக் கோல். அவருடைய பாட்டனார் செய்தது என்பார்கள். ஆயுத பூஜையன்று கருவிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு பலகைக்கல்லின் மேல் பரப்புவார்கள். உளிகள் படுத்திருக்கும், சம்மட்டி படுத்திருக்கும். முழக்கோல் மட்டும் நிற்க வேண்டும். சுவரில் சாய்க்கக் கூடாது, கீழே எதையும் அண்டை கொடுக்கக் கூடாது. கோல் தானாக நின்றால் அந்த வருஷம் வைக்கிற சுவரெல்லாம் நிற்கும் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை.

வருஷம் முழுக்கக் கல்லிலும் மண்ணிலும் ஊன்றிய கோலின் அடி எப்படித் தட்டையாக இருக்கும்? ஓரம் மழுங்கித்தான் இருக்கும். அதனால் பூஜைக்கு முன்னால் கோலின் அடியைச் சாணைக்கல்லில் வைத்து, தண்ணீர் விட்டு, நிற்கிற வரைக்கும் தேய்ப்பார்கள். சில வருஷம் பத்துத் தேய்ப்பில் நின்றுவிடும். சில வருஷம் அரை மணி நேரம்கூட ஆகும். நின்றதும் எல்லோரும் கும்பிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமானது 1924 வைகாசியில். அந்த வருஷம் தலை ஆயுத பூஜைக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சும்மா இருக்க முடியாமல் கருவிகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதினேன். எண்ணிக்கை, நீளம், எல்லாம். பள்ளிக்கூடத்து ரூல்தடியால் அளந்ததில் முழக்கோல் முப்பத்துமூன்று அங்குலம். எழுதிக்கொண்டேன்.

பத்து வருஷம் கழித்து, அணை முடிந்து மச்சான் ஊரோடு வந்துவிட்ட வருஷம், பூஜையன்று மறுபடியும் அளந்தேன். கால் அங்குலம் குறைந்தது. கோலை உற்றுப் பார்த்தேன். இருபத்துநாலாவது விரல் மற்ற விரல்களைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சின்னதாக இருந்தது.

"மச்சான், கடைசி விரல் சின்னதா இருக்குதுங்களே?"

"கடைசி விரல் சுண்டு விரலுங்க மாப்ளெ. சின்னதாத்தான் இருக்கும்."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே மேற்கொண்டு பேசியிருக்க வேண்டும். எனக்கு என் ரூல்தடியின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மரத்தடி, பத்து வருஷத்தில் அது நீண்டிருக்கலாம். அடுத்த தடவை சேலம் போனபோது அதை எடுத்துக்கொண்டு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். அங்கே சர்க்கார் முத்திரை போட்ட இரும்புக் கஜக்கோல் இருந்தது. அதன்மேல் என் தடியை வைத்து மூன்று தடவை பார்த்தேன்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார். "வாத்தியாரே, நீங்க துணி எடுக்க வந்தீங்களா, இல்ல நாங்க திருடறமான்னு பாக்க வந்தீங்களா?"

வெட்கத்துக்காக இரண்டு துண்டு வாங்கினேன். ரூல்தடி சரியாகத்தான் இருந்தது. ஆகவே குறைந்தது முழக்கோல்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் படித்த புத்தகங்கள் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தன: இரண்டு குறிப்பு இருந்தால் அது தற்செயல், மூன்று இருந்தால்தான் சாட்சி. மூன்றாவது அளவுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் என்னைப் பள்ளிபாளையத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். பூஜைக்கு ஊருக்கு வர முடியாமல் ஐந்து வருஷம் போயிற்று. பூஜை நாளைத் தவிர வேறு நாளில் அந்தக் கோலை வீட்டு ஆட்களல்லாமல் யாரும் தொட முடியாது. 1940இல் ஊருக்கே திரும்பி வந்தேன். அந்த ஆயுத பூஜையில் மூன்றாவது அளவு கிடைத்தது: முப்பத்திரண்டரை. சாட்சி பூர்த்தியாயிற்று. அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது, எதற்காகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இரண்டு மாதத்தைக் கழித்தேன். கிணற்றுக்கும் வேலிக்கும் அரை அங்குலத்தால் என்ன கெட்டுவிடும்?

கெடுகிற வேலை தை மாதத்தில் வந்தது.

கோயில் மண்டபத்தில் கிழக்கு வரிசையில் ஒரு உத்திரக்கல் ஐப்பசி மழையிலேயே விரிசல் விட்டிருந்தது. உத்திரம் என்பது இரண்டு தூண்களின் தலையில் படுத்து மேல்தளத்தைத் தாங்குகிற நீளக் கல். கீழே பனங்கட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். தருமகர்த்தா மச்சானைக் கூப்பிட்டனுப்பினார். அவர் நூறு ஏக்கர் காட்டுக்காரர். சுற்றி வளைத்துப் பேசுகிறவரல்ல. நானும் கூடப் போயிருந்தேன்.

"ஆசாரி, உங்கப்பன் வெச்ச மண்டபம். நீதான் மாத்தோணும்."

"ஆகட்டுங்க சாமி."

"வாசலுக்குக் கல்லுலயே கோபுரம் எடுக்கறதுன்னு ஊர்ல பேசியிருக்கறம். இந்த உத்திரம் சரியா ஒக்காந்துச்சுன்னா கோபுர வேலையும் உனக்குத்தான். ஒக்காரலீன்னா சேலத்துலிருந்து டேப்புக்காரனைக் கூட்டியாந்துருவன். பொறவு என்னைக் குத்தஞ் சொல்லப்படாது."

மச்சானின் முகம் எப்படி மாறிற்று என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. அந்த வாசலுக்குக் கோபுரம் எடுக்க வேண்டும் என்று மாமனார் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். இருபது வருஷம் அணைக்கும் கிணற்றுக்கும் கல் கொத்தின கை. ஒரு தடவையாவது கோபுரம். காட்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் இட்டேரித் தடத்தில் திரும்பி நடந்தோம். வீட்டு வாசலில் நின்று, "நாலு கோலுங்க மாப்ளெ" என்றார். "அப்பன் சொல்லியிருக்கறாரு. கெழக்கு உத்திரம் நாலு கோல், அச்சா நாலு கோல்."

மாமனார் நாலு கோல் என்று அளந்தது 1919இல். அன்றைக்குக் கோல் இருந்த நீளம் வேறு.

புதிய கல்லை வெட்டுமுன் பழைய உத்திரத்தை அளந்து பார்த்தால் போதும். தூண்களுக்கு நடுவே ஒரு கயிற்றைப் பிடித்தால் போதும். வேறு எந்த மேஸ்திரியும் அதைத்தான் செய்வான். அங்கேதான் இவர்கள் குடும்பத்து இரண்டாவது வழக்கம் குறுக்கே நின்றது. தகப்பன் வைத்த கல்லுக்கு மகன் மறுகோல் போடக் கூடாது; மறுபடி அளக்கக் கூடாது. போட்டால் தகப்பன் சொன்ன அளவில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அளவை வாயால் சொல்லிக் கொடுப்பார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள். கோலைத் தேய்ப்பது ஒரு வழக்கம், மறுகோல் போடாதது ஒரு வழக்கம். தனித்தனியாக இரண்டாலும் ஒரு கெடுதலும் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வாசலில் மறித்தாள். "எங்கண்ணங்கிட்ட நோட்டத் தூக்கிட்டுப் போகாதீங்க. சும்மா வாய்ல சொல்லுங்க."

கேட்கவில்லை. அதோடு கரட்டுக்கே போய், ஐந்து வேலையாட்கள் இருக்கும்போதே ஆரம்பித்தேன். அது என் தப்பு. இன்றைக்கும் அதை வேறு மாதிரி எழுத முடியவில்லை.

"மச்சான், முழக்கோல் குறைஞ்சு போச்சுங்க. அரை அங்குலம். நாலு கோலுக்கு ரெண்டு அங்குலம் கல்லு பத்தாம வரும்."

ஆப்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மச்சான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்புடித் தெரியுமுங்க?"

"என் கல்யாணத்து வருஷம் முப்பத்திமூணு அங்குலம் இருந்துது. எழுதி வெச்சிருக்கறேன்."

"நோட்டுல."

"ஆமா, நோட்டுலதான்."

"நோட்டுல இருக்கறது சரி, கையில இருக்கறது தப்புங்களா?"

ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "வாத்தியாரே, கோலு வெயிலுக்கு வேர்த்து எளைச்சுப் போயிருக்குமுங்க. நாலு நாளு பழைய சோறு போட்டாச் சரியாப் போகும்" என்றான். மச்சான் சிரிக்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அது வலித்திருக்க வேண்டும். நான் தேய்மானத்தைச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது பூஜையைப் பற்றிய குறை.

விட மனமில்லை. மறுநாள் மத்தியானம் கோயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், பழைய உத்திரத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரைக்கும் புதுச் சணல் கயிற்றைப் பிடித்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டேன். ஏணியை நகர்த்தி நகர்த்தி ஒற்றை ஆளாகச் செய்தேன். பொழுது சாய மச்சான் வீட்டுக்குப் போய்க் கயிற்றை அவர் முன்னால் வைத்தேன்.

"இது மறுகோல் இல்லைங்க மச்சான். வெறும் கயிறு. பிடிச்சதும் நீங்க இல்லை, நான். நான் மருமகன், மகன் இல்லை. எனக்கு அந்தத் தடை கிடையாது."

"அப்ப நீங்களே கல்லையும் கொத்திப் போடுங்க மாப்ளெ."

"மேட்டூர்ல பத்து வருஷம் டேப்புலதான அளந்தீங்க?"

"அது சர்க்கார் கல்லுங்க. அது எங்கப்பன் வெச்சதா?"

"கல்லு பத்தாமப் போச்சுன்னா கோபுரம் போயிருமுங்க."

அவர் கயிற்றைக் கையில் எடுத்தார். மனம் மாறுகிறார் என்று நினைத்தேன். இழுத்துப் பார்த்து, "நல்ல கயிறு" என்று சொல்லிவிட்டு, உளிகளை ஒரு சாக்கில் சுற்றி அந்தக் கயிற்றாலேயே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். "சோறு உண்டுட்டுப் போங்க" என்றார். உண்ணாமல் வந்தேன். என்னுடைய பதினோரு அடிக் கயிறும் அந்தச் சாக்கு மூட்டையைச் சுற்றிக்கொண்டு தினமும் கரட்டுக்குப் போய்வந்தது.

தருமகர்த்தாவிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் வேலை உடனே கைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால் கல் ஏறும் நாளில் போகும். இரண்டுக்கும் நடுவே, ஒருவேளை என் கணக்குத் தப்பாக இருக்கலாம் என்ற ஒரு நினைப்பு இருந்தது. என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு மாதம்தான்.

பங்குனியில் கல் தயாராயிற்று. அவ்வளவு நல்ல கல்லை அந்தக் கரடு அதுவரை கொடுத்ததில்லை. நீல ஓட்டம், ஒரு மச்சம் கிடையாது. நாலு பக்கமும் கொத்தி, தட்டினால் மணியாகப் பேசிற்று. ஆறு ஜோடி மாடு கட்டிப் பனை உருளைகள் மேல் இழுத்து வந்தார்கள். மண்டபத்தின் கிழக்கே தூண் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சரிவு போட்டிருந்தது. முதல் நாள் மேல்தளத்துப் பலகைக்கற்களை எடுத்துவிட்டுப் பழைய உத்திரத்தை இறக்கினார்கள். இறக்கும்போதே இரண்டு துண்டாயிற்று. இரண்டு துண்டையும் ஒட்டினாற்போல நினைத்துக்கொண்டு ரூல்தடியால் அளந்தேன். உடைந்த வாய் சிதறியிருந்ததால் அங்குலம் சரியாக வரவில்லை.

"வாத்தியாரே, செத்த கல்லுக்கு என்ன அளவு எடுக்கறீங்க?" என்றார் தருமகர்த்தா.

"சும்மாதானுங்க" என்றேன்.

மறுநாள் காலை ஊரே கூடியிருந்தது. கல் சரிவில் ஏறிற்று. மச்சான் தெற்குத் தூணின் மேல் நின்று கையால் மட்டும் சைகை காட்டினார், சத்தம் போடவில்லை. கடப்பாறைகள் ஒரே நேரத்தில் நெம்பின. தெற்கு நுனி பக்கத்து உத்திரத்தோடு ஒட்டி, இடம் பார்த்து, பூனை உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. பிறகு வடக்கு நுனியை இறக்கினார்கள். அதுவும் தூணின் தலையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு பார்த்தால், அதற்கும் அடுத்த உத்திரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

ஒரு கோடு வெளிச்சம் என்று சொல்ல மாட்டேன். கையை நுழைக்கலாம். மேல்தளத்துப் பலகைகள் சேருகிற இடம் சரியாக அந்தச் சந்துக்கு மேலே. அப்படியே மூடினால் பலகையின் முனைக்குக் கீழே ஒன்றுமிருக்காது.

மேளம் அடித்தவன் தானாக நிறுத்தினான். யாரோ பின்னாலிருந்து, "ஏனுங்க ஆசாரி, கல்லு வெயில்ல காஞ்சு சுருங்கிப் போச்சுங்களா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். தருமகர்த்தா சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அவர் மண் சரிவில் பாதி ஏறி வந்து, மச்சானுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

"மழைக்கு நெலம் எறங்கித் தூணு வெலகியிருக்கும். இல்லியாப்பா?"

அவர் ஒரு வழி திறந்து வைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஆமாங்க சாமி என்ற இரண்டு வார்த்தை போதும். தூண் விலகிற்று என்று ஊர் நம்பிவிடும், கோபுரம் கைக்கு வந்துவிடும். அது வேண்டாமென்றால் இன்னொரு வழியும் இருந்தது. கோல் தேய்ந்துவிட்டது, புதுக் கோல் செய்துகொள்கிறேன் என்று சொல்லலாம். அதற்குச் சாட்சியாக மூன்று வருஷத்து அளவு என் கக்கத்தில் இருந்தது. நோட்டை எடுத்தேன். வாயையும் திறந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"தூணு வெலகலைங்க சாமி" என்றார். "கல்லுதான் கொறைச்சல்."

"எப்புடிக் கொறைஞ்சுது?"

"கொறைஞ்சு போச்சுங்க. எட்டு நாளு குடுங்க, சந்தை அடைச்சுத் தாரேன்."

தருமகர்த்தா "அடை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு மச்சான் ஒரு தென்னை ஈர்க்கைக் கிள்ளி அந்தச் சந்தில் வைத்து, நகத்தால் ஒடித்தார். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்க முடியவில்லை.

"இந்த ஈர்க்கை ரெண்டு மாசத்துக்கு முன்னால வெச்சிருக்கலாமே மச்சான். அப்பன் கல்லுக்கு நடுவுல வெக்கலாமுங்களா இப்ப மட்டும்?"

அவர் மூன்று ஈர்க்கையும் மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"அப்பன் கல்லுக்கு நான் வெக்கலைங்க. சந்துக்குத்தான் வெச்சேன். சந்து என்னோடதுங்க மாப்ளெ."

நான் பிறகு அந்த ஈர்க்குகளை வாங்கி அளந்தேன். இரண்டரை அங்குலம். நான் இரண்டு என்று சொல்லியிருந்தேன். 1924க்கு முன்னாலேயே கோல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது; மாமனார் காலத்து நீளம் என்னிடம் இல்லாததால் வந்த பிசகு. என் கணக்கே அரை அங்குலம் குறைச்சல் என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு உறுத்தல் உண்டு.

அதே கல்லில் மிஞ்சிய துண்டிலிருந்து ஒரு பலகை வெட்டினார். எட்டு நாள் கேட்டவர் ஆறு நாளில் முடித்தார். மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அகலமாகவும் கீழே ஒரு நூல் ஒடுக்கமாகவும் கொத்தி, மேலிருந்து நழுவ விட்டார். அது தன் பாரத்தாலேயே இறங்கி இறுகிற்று. சுண்ணாம்பு வைக்கவில்லை. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்; இரண்டு கோட்டிலும் தட்டவில்லை. அணையில் முகப்புக் கல் வைத்த அத்தனை வருஷத்திலும் அவர் இதைவிட நல்ல வேலை செய்திருக்க முடியாது. அதைப் பார்க்க அன்றைக்குக் கோயிலில் நானும் பூசாரியும்தான் இருந்தோம்.

கோபுர வேலைக்கு வைகாசியில் சேலம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். இரும்பு டேப்பைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நல்ல மனிதர்; வேலையும் குறை சொல்லும்படி இல்லை. அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தபோது கிழக்கு உத்திரத்தின் கீழே நின்று, "இந்த ஒட்டு யாரு வெச்சது?" என்று கேட்டார். சொன்னேன். "இப்புடி ஒட்டு வெக்கத் தெரிஞ்ச ஆளு எதுக்குங்க கல்லைக் கொறைச்சு வெட்டுனாரு?" என்றார். நோட்டை விரித்து எல்லாவற்றையும் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

மச்சான் கிணறுகளுக்குத் திரும்பினார். என்னோடு வழக்கம்போலப் பேசினார். மழை, மாடு, பெண்ணுக்கு வரன். நீங்கள் சொன்னது சரி என்று மட்டும் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து நான் எத்தனை தடவை பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன் என்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு தடவை என் மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

அந்த வருஷம், 1941, ஆயுத பூஜைக்குப் போனோம். வழக்கம்போலக் கருவிகளைக் கழுவினார்கள். பலகைக்கல் மேல் உளிகளைப் பரப்பினார்கள். சாணைக்கல்லை யாரும் வெளியே எடுக்கவில்லை. மச்சான் முழக்கோலுக்குச் சந்தனம் வைத்து, நிறுத்திப் பார்க்காமலே, சுவரில் சாய்த்து வைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க ஆசாரி, வருஷா வருஷம் கோலு நிக்குமே. இந்த வருஷம் சாச்சு வெச்சிருக்கறீங்க?"

"அதுக்கும் வயசாச்சுங்க" என்றார் மச்சான். "சாஞ்சே இருக்கட்டும்."

என் பக்கம் திரும்பவில்லை. நான் அதற்குப் பிறகு நாலு ஆயுத பூஜைக்கு அந்தக் கோலை அளந்திருக்கிறேன். முப்பத்திரண்டரை, ஒரு நூல்கூட மாறவில்லை.